அரைப் புள்ளி

1984-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் முதலாவதாக வருபவருக்கு 9 புள்ளி. இரண்டாவதாக வந்தால் 6. பிறகு 4, 3, 2, 1. ஏழாவதாக வருபவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இந்த எண்களை எப்படிக் கூட்டினாலும் முழு எண்தான் விடையாக வரும். ஆனால் அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிகி லௌடா 72. அலேன் ப்ரோஸ்ட் 71.5.

1950-ல் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளியில் யாரும் வென்றதில்லை, யாரும் தோற்றதுமில்லை. இருவரும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள் என்றால் காரின் மேல் பழி போடலாம், டயரின் மேல் போடலாம். இங்கே அதற்கும் வழியில்லை. இருவரும் மெக்லாரன் அணிக்காரர்கள். சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரே வார்ப்புக் கார்கள். ப்ரோஸ்டுடையது 7-ஆம் எண், லௌடாவுடையது 8. ஒரே கொட்டகை, ஒரே எஞ்சின், ஒரே டயர். ஒரு உறையில் இரண்டு கத்தி.

ப்ரோஸ்ட் அந்த ஆண்டு 7 பந்தயங்களில் வென்றார். லௌடா 5-ல். தகுதிச் சுற்றுகளில் கிட்டத்தட்ட எல்லா வாரமும் ப்ரோஸ்ட்தான் முன்னால் நின்றார். அப்படியிருந்தும் கோப்பை லௌடா கைக்குப் போனது. நாற்பது ஆண்டுகளாக இதை ‘அதிர்ஷ்டம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 16 பந்தயங்களின் முடிவுகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால் அதிர்ஷ்டம் இருவரையும் ஏறக்குறைய ஒரே தராசில் நிறுத்தியது தெரியும். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. தன்னைவிட வேகமான ஒருவன் பக்கத்துக் காரில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை லௌடா சீக்கிரமே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டின் கதையே அந்த ஒப்புதல்தான்.

நெருப்புக்கு அப்பால்

லௌடா வியன்னாக்காரர். 1949-ல் பிறந்தவர். 1975-ல் ஃபெராரியில் முதல் பட்டம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜெர்மனியின் பழைய நூர்பர்க்ரிங் தடத்தில் அவருடைய கார் மோதித் தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தார்கள். முகமும் தலையும் வெந்துபோயின. நச்சுப்புகை நுரையீரலைத் தின்றது. மருத்துவமனையில் பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். 42 நாள் கழித்து, ஆறாத காயங்களின் மேல் கட்டுப் போட்டுக்கொண்டு மோன்ஸாவில் காரில் ஏறினார், நான்காவதாக முடித்தார். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் ஜப்பானின் ஃபுஜியில், கொட்டும் மழையில் நடந்தது. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இதில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று காரை நிறுத்தி இறங்கிவிட்டார். பட்டம் ஜேம்ஸ் ஹண்ட்டுக்குப் போனது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்: 69-க்கு 68.

1977-ல் மீண்டும் சாம்பியன். 1979-ல் கனடாவில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே, வட்டம் போட்டு ஓட்டியது போதும் என்று விலகிப் போய் விமான நிறுவனம் நடத்தினார். 1982-ல் மெக்லாரன் அவரைத் திரும்ப அழைத்து வந்தது. வந்த மூன்றாவது பந்தயத்திலேயே லாங் பீச்சில் வென்றார். ஆனால் 1984 பிறந்தபோது அவருக்கு வயது 35 ஆகப்போகிறது. பந்தய உலகில் அது பெரியவர் வயது.

ப்ரோஸ்ட் ஆறு வயது இளையவர். பிரான்ஸின் லுவார் பகுதியில் பிறந்தவர். குள்ளமான உருவம், வளைந்த மூக்கு, கலைந்த சுருட்டை முடி. 1980-ல் மெக்லாரனிலேயே தொடங்கி, அங்கிருந்து ரெனோ அணிக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஓட்டினார். 1983-ல் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிப் பந்தயத்தில் டர்போ படுத்துவிட, நெல்சன் பிக்கேயிடம் 2 புள்ளியில் பறிகொடுத்தார். பிரெஞ்சு நிறுவனமும் பிரெஞ்சு ஓட்டுநரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டு பிரிந்தார்கள். வேலையிழந்து நின்ற ப்ரோஸ்டை மெக்லாரனின் ரான் டென்னிஸ் உடனே அள்ளிக்கொண்டார்.

ஆக, ஒருவர் ஒரு புள்ளியில் தோற்றவர். மற்றவர் இரண்டு புள்ளியில் தோற்றவர். ஒரு புள்ளி என்ன விலை என்பது இருவருக்கும் தெரியும்.

220 லிட்டர்

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்பி4/2. கார்பன் இழையால் ஆன உடல். பின்னால் 1.5 லிட்டர் வி6 டர்போ எஞ்சின். போர்ஷே நிறுவனத்தின் ஹான்ஸ் மெட்ஸ்கர் உருவாக்கியது, டாக் நிறுவனம் பணம் போட்டது. எவ்வளவு எரிபொருள் எப்போது உள்ளே போக வேண்டும் என்பதை பாஷ் நிறுவனத்தின் மின்னணுக் கருவி அளந்து கொடுத்தது.

அந்த அளவுதான் அவ்வாண்டின் உயிர்நாடி. 1984-ல் விதியை மாற்றினார்கள். பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்பக் கூடாது. முழுப் பந்தயத்துக்கும் 220 லிட்டர்தான். டர்போ எஞ்சின் ஒரு பேய்ப்பசிக்காரன். அழுத்தத்தைக் கூட்டினால் பாய்வான், ஆனால் டாங்கைக் காலி செய்துவிடுவான். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் கடைசிச் சில சுற்றுகளில் எரிபொருள் தீர்ந்து ஓரங்கட்டுவது அந்த ஆண்டில் வழக்கமான காட்சி. எல்லோருக்கும் வேகம் இருந்தது. வேகத்தைச் சில்லறையாக மாற்றி எங்கே எவ்வளவு செலவழிப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

பிராபம் அணியின் பிக்கேயைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ எஞ்சினின் அசுர பலத்தில் அந்த ஆண்டு 9 முறை முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து கிளம்பினார். வென்றது இரண்டே பந்தயம். ஆண்டின் முடிவில் 29 புள்ளியோடு ஐந்தாமிடம். மெக்லாரனோ 16-ல் 12 பந்தயங்களை வென்றது. இரண்டாவதாக வந்த ஃபெராரி அணி 57.5 எடுத்தபோது மெக்லாரன் எடுத்தது 143.5. போகப் போக எல்லோருக்கும் புரிந்துவிட்டது: பட்டம் இந்த அணிக்குள்தான். யாருக்கு என்பது மட்டும்தான் பாக்கி.

முதல் பந்தயம் ரியோவில். லௌடா நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோது மின்கோளாறு, ப்ரோஸ்டுக்கு வெற்றி. இரண்டாவது தென்னாப்பிரிக்காவின் கயலாமியில். லௌடா வென்றார். ப்ரோஸ்ட் மாற்றுக் காரில், பிட் பாதையிலிருந்து, எல்லோரும் போன பிறகு கிளம்பி இரண்டாமிடம் வரை வந்துவிட்டார். லௌடாவின் மனத்தில் மணியடித்தது அங்கேயாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்து இரண்டே பந்தயம். கடைசியிலிருந்து கிளம்பினாலும் தனக்கு அடுத்த இடத்தில் வந்து நிற்கிறான்.

தகுதிச் சுற்றில் ப்ரோஸ்டைப் பிடிக்க லௌடா முதலில் முயன்றுதான் பார்த்தார். ஒரே ஒரு சுற்று, புது டயர், டர்போவின் அழுத்தம் உச்சத்தில், அடுத்த நொடி உயிரோடிருப்போமா என்ற யோசனையே இல்லாமல் ஓட்டுவது. அதில் ப்ரோஸ்டைத் தன்னால் வெல்ல முடியாது என்று சில வாரங்களிலேயே தெரிந்துகொண்டார். பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அசாத்தியம். அந்தப் போட்டியையே கைவிட்டார். வெள்ளியும் சனியும் மற்றவர்கள் ஒரு சுற்றின் நேரத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் காரைத் தயார் செய்தார். டாங்க் நிறைந்த காரின் நடத்தை, பழைய டயர் எத்தனை சுற்று தாங்கும், எந்த அழுத்தத்தில் எவ்வளவு எரியும் என்று அளந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு அவர் ஒருமுறைகூட முதலிடத்திலிருந்து கிளம்பவில்லை.

இரண்டு முறை உலக சாம்பியனாக இருந்தவர், ஒரு காலத்தில் தகுதிச் சுற்றின் ராஜாவாக இருந்தவர், பல வாரங்கள் நடு வரிசைகளில் போய் நிற்கிறார். பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள், கிழவருக்குக் கால் வலுவிழந்துவிட்டதா என்று. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு திடம் வேண்டும்! நெருப்பிலிருந்து எழுந்துவந்த துணிச்சலைவிட இதைப் பெரியதாக மதிக்கிறேன்.

மொனாக்கோவின் மழை

அந்த அரைப் புள்ளிக்கு வருவோம். ஜூன் 3, மொனாக்கோ. கடற்கரை நகரத்தின் குறுகிய தெருக்களில் பேய்மழை. ப்ரோஸ்ட் முதலிடத்திலிருந்து கிளம்பினார். லோட்டஸின் நைஜல் மேன்சல் அவரைத் தாண்டி முன்னிலைக்குப் போனார், சில சுற்றுகளில் மலையேற்றத்தில் வழுக்கி இரும்புத் தடுப்பில் மோதினார். மறுபடி ப்ரோஸ்ட் முன்னால். ஆனால் பின்னாலிருந்து ஒரு சின்ன அணியின் கார் நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. டோல்மன் அணி, முதல் ஆண்டு ஓட்டுநர், பிரேசில்காரர், பெயர் அயர்டன் சென்னா. பதின்மூன்றாவது இடத்தில் கிளம்பியவர் ஒவ்வொருவராகத் தாண்டினார். லௌடாவையும் தாண்டினார். சற்று நேரத்தில் லௌடா வழுக்கிச் சுழன்று நின்றுவிட்டார். அன்று அவருக்குப் பூஜ்யம்.

சென்னா ஒவ்வொரு சுற்றிலும் சில விநாடிகளாகக் கடித்துக்கொண்டே நெருங்கினார். அவருக்கும் பின்னால் டிரல் அணியின் ஜெர்மன் இளைஞர் ஸ்டெஃபான் பெல்லோஃப். கடைசி இடத்திலிருந்து கிளம்பியவர், டர்போ இல்லாத கார், இருவரையும்விட வேகமாக வந்துகொண்டிருந்தார். ப்ரோஸ்டின் பிரேக் சரியாக வேலை செய்யவில்லை. தொடக்கக் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் கையை ஆட்டினார், நிறுத்துங்கள் என்று.

நிறுத்தினார்கள். பந்தய இயக்குநராக இருந்த பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ் சிவப்புக் கொடி காட்டினார். ப்ரோஸ்ட் வேகத்தைக் குறைத்தார். கோட்டருகே சென்னா அவரைத் தாண்டிப்போய் வென்றுவிட்டதாகக் கையுயர்த்தினார். ஆனால் கணக்கில் வருவது அதற்கு முந்தைய சுற்று. 31 சுற்று முடிந்த நிலையில் ப்ரோஸ்ட் முதல். 7 விநாடிகளுக்குச் சற்று மேல் பின்தங்கி சென்னா. இக்ஸ் போர்ஷே கார்களை ஓட்டிப் புகழ்பெற்றவர், மெக்லாரனில் இருப்பது போர்ஷே எஞ்சின் என்று அன்றே முணுமுணுத்தார்கள். அந்தச் சந்தேகத்தை நான் ஏற்கவில்லை. அந்த மழைப் படங்களைப் பார்த்தால், கொடி காட்டிய மனிதரின் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. மேற்பார்வையாளர்களைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுத்தார் என்று பிறகு அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள்.

அன்றைய விதிப்படி, பந்தயத்தின் முக்கால் பங்கு ஓடவில்லை என்றால் பாதிப் புள்ளிதான். 9-ல் பாதி, 4.5. அங்கேதான் பிறந்தது அந்தத் தசமம்.

இப்போது கணக்குப் போடுங்கள். பந்தயம் முழுதாக நடந்து, சென்னா தாண்டிப் போய், ப்ரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தால் 6 புள்ளி. ஆண்டின் முடிவில் 73. லௌடாவின் 72-ஐவிட ஒன்று கூடுதல். அன்று கையாட்டி வாங்கிய வெற்றியைவிட, கையாட்டாமல் வாங்கியிருக்கக்கூடிய தோல்வி பெரியது. ப்ரோஸ்டை நினைத்து மனம் கனக்கும் இடம் இது. ஆனால் இதைச் சொல்பவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.  மறு பாதியும் உண்டு. பிற்பாடு விதிமீறலுக்காக டிரல் அணியின் அந்த ஆண்டு முடிவுகள் முழுவதையும் அழித்தார்கள். அதில் டெட்ராய்டில் டிரல் ஓட்டுநர் பெற்ற இரண்டாமிடமும் போனது. அங்கே ஐந்தாவதாக வந்திருந்த ப்ரோஸ்ட் நான்காம் இடத்துக்கு ஏறி ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றார். அந்த ஒரு புள்ளி கிடைக்காமல் போயிருந்தால் இடைவெளி அரையாக இருக்காது, ஒன்றரையாக இருந்திருக்கும். விதி ஒரு கையால் எடுத்தது, மறு கையால் கொடுத்தது.

மூன்றாவது கியரும் ஐந்தாவது கியரும்

ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் முன்னிலையில் இருந்த ப்ரோஸ்டின் கியர்பாக்ஸ் உடைந்தது, லௌடா வென்றார். ஆகஸ்டில் ஹாக்கன்ஹைமில் ப்ரோஸ்ட் மாற்றுக் காரில் ஓடி வென்றார். பின்னாலேயே லௌடா இரண்டாவது.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஆஸ்திரியாவின் ஆஸ்டரைஷ்ரிங் தடம். லௌடாவின் சொந்த மண். அதுவரை எந்த ஆஸ்திரியரும் அந்த நாட்டின் பந்தயத்தை வென்றதில்லை. லௌடாவுக்கும் அது எட்டாக்கனியாகவே இருந்தது. ப்ரோஸ்டின் காரில் கியர் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்தபடி மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். எலியோ டி ஏஞ்சலிஸின் லோட்டஸ் கார் எஞ்சின் வெடித்துத் தடத்தில் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதன் மேல் ஒற்றைக் கையோடு ஏறிய ப்ரோஸ்ட் சுழன்று வெளியேறினார்.

லௌடா பிக்கேயைத் தாண்டி முன்னிலைக்கு வந்தார். பிறகு அவருடைய காரிலும் இடி விழுந்தது. நான்காவது கியர் சிதறிப்போனது. முடிந்தது என்று நினைத்துக் கையை உயர்த்தி ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். அப்படியே மெதுவாகத் தடவிப் பார்த்தபோது மூன்றாவதும் ஐந்தாவதும் இன்னும் பிடிப்பது தெரிந்தது. கியர்பாக்ஸுக்குள் உடைந்த பற்கள் உருண்டுகொண்டிருக்க, ஒவ்வொரு மாற்றத்தையும் முட்டை மேல் நடப்பதுபோலச் செய்துகொண்டு மிச்சச் சுற்றுகளை ஓட்டினார். பின்னால் வந்துகொண்டிருந்த பிக்கேயின் டயர்கள் தேய்ந்திருந்தன. முன்னால் போகிறவர் வேகம் குறைந்ததைப் பார்த்து, பெரியவர் காரைப் பாதுகாக்கிறார் என்று எண்ணி அவரும் விரட்டவில்லை. இரண்டு கியரோடு போராடுகிறவர் என்று தெரிந்திருந்தால் அந்தப் பந்தயத்தின் முடிவும், அந்த ஆண்டின் முடிவும் மாறியிருக்கும். லௌடா தன் நாட்டு மக்கள் முன்னால் வென்றார். 9 புள்ளி.

ஒரே பந்தயம், ஒரே விதமான கோளாறு, இரண்டு கார்களிலும். ஒருவர் கோளாறோடு வேகத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். மற்றவர் வேகத்தை விட்டுக்கொடுத்துக் காரைக் காப்பாற்றினார். எண்ணெயில் வழுக்கியது ப்ரோஸ்டின் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த ஆண்டை எனக்கு யாராவது ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் ஆஸ்டரைஷ்ரிங்கின் இந்தப் பிற்பகலைத்தான் காட்டுவேன்.

அடுத்த வாரம் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்: ப்ரோஸ்ட் முதல், லௌடா இரண்டாவது. மோன்ஸாவில் ப்ரோஸ்டின் எஞ்சின் ஆரம்பத்திலேயே புகைந்தது, லௌடா வென்றார். இரண்டு பந்தயம் மிச்சமிருக்க, லௌடா 63, ப்ரோஸ்ட் 53.5.

இங்கே நிறுத்தி அந்த முழு ஆண்டின் கூட்டல் கழித்தலைப் பார்க்க வேண்டும். 16 பந்தயங்களில் ப்ரோஸ்ட் புள்ளி எடுத்தவை 10. லௌடா எடுத்தவையும் சரியாக 10. கோளாறாலோ பிழையாலோ வெறுங்கையோடு போனவை இருவருக்கும் ஆறு ஆறு. பெல்ஜியத்தில் இருவரும் நின்றார்கள். டல்லாஸில் உடைந்து பெயர்ந்த தடத்தில் இருவருமே சுவரில் மோதினார்கள். அதிர்ஷ்டம் ஓரவஞ்சனை செய்யவில்லை.

ப்ரோஸ்டின் பத்து: 7 வெற்றி, பிறகு ஒரு இரண்டாமிடம், ஒரு மூன்றாமிடம், ஒரு நான்காமிடம். லௌடாவின் பத்து: 5 வெற்றி, நான்கு இரண்டாமிடங்கள், ஒரு நான்காமிடம். எல்லாமே இதற்குள் இருக்கிறது. ப்ரோஸ்ட் வென்ற ஏழில் மூன்றில் லௌடா நிழல்போல இரண்டாவதாக வந்தார். அப்போதெல்லாம் ப்ரோஸ்டுக்குக் கிடைத்த லாபம் மூன்றே புள்ளி. லௌடா வென்ற ஐந்தில் நான்கில் ப்ரோஸ்ட் ஒன்றுமே எடுக்கவில்லை. லாபம் முழு ஒன்பது. வெல்ல முடியாத நாளில் என்ன செய்தார் என்பதில்தான் லௌடா ஜெயித்தார். பந்தய ரசிகர்கள் இரண்டாமிடத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஹாக்கன்ஹைமில் இரண்டாவது, ஸாண்ட்வோர்டில் இரண்டாவது என்று யாரும் கைதட்டாத அந்த ஆறு ஆறு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

எஸ்டோரில்

அக்டோபர் 7, புதிய நூர்பர்க்ரிங். லௌடா எரிந்த பழைய தடத்தின் பக்கத்திலேயே பாதுகாப்பாகக் கட்டப்பட்ட குட்டித் தடம். ப்ரோஸ்ட் கம்பீரமாக வென்றார். லௌடா ஒரு சுற்றுப் பின்தங்கிய காரைத் தாண்டும் அவசரத்தில் சுழன்று நான்காவதாக வந்தார். 66-க்கு 62.5. இடைவெளி மூன்றரை. எல்லாம் கடைசிப் பந்தயத்துக்கு வந்து நின்றது.

1960-க்குப் பிறகு முதன்முறையாக போர்ச்சுகலுக்கு ஃபார்முலா 1 வந்திருந்தது. அக்டோபர் 21, லிஸ்பனுக்கு அருகே எஸ்டோரில். கணக்கு தெளிவு. ப்ரோஸ்ட் வென்றால் லௌடா இரண்டாவதாக வந்தே ஆக வேண்டும். மூன்றாவது போதாது. ப்ரோஸ்ட் முதல் வரிசையில், இரண்டாவது இடத்தில். லௌடா பதினோராவது.

பிக்கே ஆரம்பத்திலேயே சுழன்றார். சில சுற்றுகளில் ப்ரோஸ்ட் முன்னிலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைத் தொட ஆளில்லை. தன்னால் செய்ய முடிந்ததை அப்பழுக்கில்லாமல் செய்தார். மீதி லௌடாவின் பாடு. லௌடாவோ நடுக்கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். டோல்மன் ஓட்டுநர் ஸ்டெஃபான் யோஹான்சன் சுற்றுக்குச் சுற்று வழிவிடாமல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டுவதற்குள் முன்னால் இருந்தவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். ஆண்டு முழுக்க அழுத்தத்தைக் குறைத்துச் சிக்கனம் பிடித்த மனிதர் அன்று டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினார். சேமித்தது இந்த நாளுக்குத்தான் என்பதுபோல. ஒவ்வொருவராகத் தாண்டி, மழையில் தன்னை முந்திய சென்னாவையும் தாண்டி மூன்றாமிடம் வந்தார்.

இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் நைஜல் மேன்சல். அரை நிமிடம் முன்னால். எட்டிப் பிடிக்க முடியாத தூரம். சுற்றுகள் கரைந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் கொடி விழுந்திருந்தால் பட்டம் ப்ரோஸ்டுக்கு. மேன்சலுக்கு அது லோட்டஸ் அணியில் கடைசிப் பந்தயம். 52-ஆவது சுற்றில் அவருடைய பிரேக் கைவிட்டது, திரவம் கசிந்துபோயிருந்தது. கார் சுழன்றது. 8-ஆம் எண் கார் கடந்து போனது.

இதைத்தான் அதிர்ஷ்டத்துக்குச் சான்றாக நீட்டுவார்கள். மேன்சலின் பிரேக்கில் லௌடாவின் கை இல்லை, உண்மை. ஆனால் பதினோராவது இடத்திலிருந்து மூன்றாமிடத்துக்கு வந்து சேர்ந்திருக்காவிட்டால், மேன்சல் விட்டுப்போன அந்த இடத்தில் வேறொருவர் அல்லவா இருந்திருப்பார்?

70 சுற்று முடிந்தது. ப்ரோஸ்ட் முதல், லௌடா இரண்டாவது, சென்னா மூன்றாவது. மேடையில் நின்ற அந்த மூவரின் பட்டங்களைப் பின்னாளில் சேர்த்துக் கூட்டினால் பத்து வரும். அந்தப் புகைப்படங்களில் ப்ரோஸ்டின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஒரே ஆண்டில் ஏழு வெற்றி. 1963-ல் ஜிம் கிளார்க் வைத்த சாதனைக்குச் சமம். கடைசிப் பந்தயத்தையும் வென்றாயிற்று. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? கண்கள் கலங்கியிருந்த அவரிடம், அடுத்த ஆண்டு உன்னுடையதுதான் என்று லௌடா ஆறுதல் சொன்னார்.

சொன்னபடியே 1985-ல் ப்ரோஸ்ட் சாம்பியன். 1986-லும். அப்புறம் 1989, 1993. ‘பேராசிரியர்’ என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது: டயரைக் காப்பார், எரிபொருளை எண்ணுவார், வேண்டிய இடத்துக்கு மட்டும் வேண்டிய வேகத்தில் போவார் என்று. 1986-ல் தன் காரைவிட வலுவான வில்லியம்ஸ் கார்கள் இரண்டையும் கடைசிப் பந்தயத்தில் தோற்கடித்தபோது அவர் ஓட்டியது அச்சாக 1984-ன் லௌடா ஓட்டிய விதம். அந்தப் பாடத்துக்கு ப்ரோஸ்ட் கொடுத்த கட்டணம் அரைப் புள்ளி.

லௌடா 2019 மே 20-ஆம் தேதி காலமானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மெர்சிடீஸ் அணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தபோது, இதே நாடகத்தை மறுபடி பார்க்க நேர்ந்தது. 2016, ஒரே அணியில் லூயிஸ் ஹாமில்டன், நிகோ ரோஸ்பர்க். ஹாமில்டன் 10 பந்தயம் வென்றார், ரோஸ்பர்க் 9. கடைசிப் பந்தயத்தில் ஹாமில்டன் முதல், ரோஸ்பர்க் இரண்டாவது. பட்டம் 5 புள்ளியில் ரோஸ்பர்க்குக்கு. நிகோவின் அப்பா கேக்கே ரோஸ்பர்க், எஸ்டோரிலில் லௌடாவோடு ஓட்டியவர். ஆனால் அந்த இரண்டு மெர்சிடீஸ்காரர்களும் ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள், முகம் திருப்பிக்கொண்டார்கள். லௌடாவும் ப்ரோஸ்டும் அப்படி இல்லை. ஒருவர் காரை மற்றவர் ஒருமுறையும் இடித்துத் தள்ளவில்லை. அதுவும் அரைப் புள்ளி தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆண்டில்.

1985 ஆகஸ்ட் 25, ஸாண்ட்வோர்ட். லௌடா அந்த ஆண்டோடு விலகப் போகிறார். கார் வாராவாரம் படுத்துக்கொண்டிருந்தது. பட்டத்துக்கான போட்டியில் அவர் இல்லை. ப்ரோஸ்டுக்கோ ஒவ்வொரு புள்ளியும் தேவை. பத்தாவது இடத்திலிருந்து கிளம்பிய லௌடா எப்படியோ முன்னால் வந்திருந்தார். கடைசிச் சுற்றுகளில் ப்ரோஸ்ட் அவரைப் பிடித்துவிட்டார். பின்சக்கரத்தை ஒட்டி, இடப்பக்கம் எட்டிப் பார்த்து, வலப்பக்கம் எட்டிப் பார்த்து. வழிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லௌடா வழிவிடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டிய இடத்தில் சரியாகக் காரை வைத்தார், ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ப்ரோஸ்டும் முரட்டுத்தனமாக மூக்கை நுழைக்கவில்லை. கோட்டைக் கடக்கும்போது இடைவெளி 0.232 விநாடி. 36 வயதுக்காரருக்கு அது 25-ஆவது வெற்றி, கடைசி வெற்றி. கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே இருந்த அந்தத் தடத்தில் அதற்குப் பிறகு 2021 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடக்கவில்லை.